டெலிகாம் டேட்டா சென்டரில் ஏஐ: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. வேலை சென்னையில், ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டேட்டா சென்டரில். பதினெட்டு வருடமாக இரவு ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாதம் ஒருமுறை ஊருக்கு வரும்போது காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். அங்கே பிள்ளைகள் கேட்பதும், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதற்கு, எழுதிவைத்துவிடலாமே என்றுதான் இது.

டெலிகாம் டேட்டா சென்டர் என்றால் என்ன? நம்ம ஊர் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரியா?

அதன் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நம்பரைத் தட்டினால், எதிரில் மணி அடிப்பதற்கு முன்னால் பல விஷயங்கள் முடிவாக வேண்டும். இந்த சிம் யாருடையது, பேலன்ஸ் இருக்கிறதா, அந்தப் பக்கத்து ஆள் இப்போது எந்த டவரின் கீழ் இருக்கிறார் என்றெல்லாம். இந்த முடிவுகள் எடுக்கப்படும் இடம்தான் டெலிகாம் டேட்டா சென்டர். முன்பு இதற்கென்றே செய்த பெரிய பெரிய பெட்டிகள் இருந்தன. அந்த வேலைகளை மென்பொருளாக்கிச் சாதாரண சர்வரில் ஓட்டலாம் என்ற யோசனை 2012 வாக்கில் வலுப்பெற்றது. 5ஜி வந்தபோது (இந்தியாவில் 2022 அக்டோபர் 1) அதுவே வழக்கமாகிவிட்டது.

பேரனாக இருந்தாலும் தாத்தாவின் சில பழக்கங்கள் விடவில்லை. தொலைத்தொடர்புக் கருவிகள் பல இன்னும் மைனஸ் 48 வோல்ட் டிசி மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அது என்ன மைனஸ்? பாசிட்டிவ் முனையை பூமியோடு கட்டியிருப்பார்கள். ஈர மண்ணில் கிடக்கும் செப்புக் கம்பி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் கண்ட வழி அது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வாசலில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகாது.

இன்னொரு வித்தியாசம், நிற்கவே கூடாது என்பது. 99.9 சதவீதம் ஓடியது என்றால் கேட்க நன்றாக இருக்கும். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் எதிர்பார்ப்பது 99.999. வருடத்துக்கு ஐந்து நிமிடம் சொச்சம்.

அதில் ஏஐ என்ன செய்கிறது? சாட்ஜிபிடி மாதிரி உட்கார்ந்து பேசுமா?

பெரும்பாலும் பேசாது. செயற்கை நுண்ணறிவு என்றதும் எல்லோருக்கும் பேசுகிற இயந்திரம்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் வேலையில் முக்கால்வாசி, எண்களைப் பார்க்கிற ஏஐ. வெப்பநிலை, மின்னோட்டம், விசிறி வேகம், சர்வர் சுமை என்று ஆயிரக்கணக்கான உணரிகள் நிமிடத்துக்கு நிமிடம் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடக்கிறதா, அடுத்த ஒரு மணி நேரத்தில் சுமை எவ்வளவு வரும், இந்த நூறு அலாரத்தில் எது வேர், எது கிளை என்று சொல்வது அதன் வேலை.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடைசியில் சில வருடம் மேலாளாக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். பெட்டியடிப் பையன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பான். அடுத்தாள் கணக்கு எழுதுவார். வந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று மேலாளிடம் சொல்வார். கொடுப்பதா வேண்டாமா என்பது மேலாள் வாக்கு. டேட்டா சென்டர் ஏஐ இன்றைக்குப் பல இடங்களில் பெட்டியடிப் பையனாகவும், சில இடங்களில் அடுத்தாளாகவும் இருக்கிறது. பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்த இடங்கள் குறைவு. கொடுத்தவர்களும் ஒரே ஒரு பெட்டியின் சாவியைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

சொல்கிறேன். ஏஐ வருவதற்கு முந்தைய ஒரு ராத்திரி, இரண்டே கால் மணி. சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் ரேக்குகளில் ஒரு வரிசைக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியில் ஒரே ஒரு பிரேக்கர் விழுந்தது. சர்வர்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரும் என்பதால் ஒன்று போனாலும் ஓட வேண்டும், பெரும்பாலானவை ஓடின. ஆனால் திரையில் என்ன வந்தது? சர்வர் ஒவ்வொன்றும் "எனக்கு ஒரு பக்கம் மின்சாரம் இல்லை" என்றது. ஸ்டோரேஜ் "என் காப்பு போய்விட்டது" என்றது. இரண்டாவது பக்கக் கம்பி சரியாகச் செருகாத ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் செத்தேபோனது. அதன் பின்னால் இருந்த மென்பொருள்கள் வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தன, அதற்கு ஆளுக்கு நாலு அலாரம். கடைசியாக, போனை ஆன் செய்தவர்களுக்கு நெட்வொர்க் கிடைக்கத் தாமதம் என்று பெரிய சிவப்பு அலாரம்.

எல்லாவற்றிலும் சத்தமாக அழுதது அந்தக் கடைசி அலாரம். அழுகிற பிள்ளையைத்தான் எல்லோரும் தூக்குவார்கள். நாங்களும் அந்த மென்பொருள் அணியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவர்களை நாற்பது நிமிடம் குடைந்தோம். பிரேக்கரைப் பார்த்தது, பாத்ரூம் போய்விட்டு அந்த வழியாக வந்த எலக்ட்ரீசியன்.

இதே மாதிரி இப்போது நடந்தால் திரையில் ஒரு வரிதான் வரும்: இந்த வரிசை, இந்தப் பெட்டி, இந்த பிரேக்கர், மற்றதெல்லாம் இதன் விளைவு. எப்படி? மூன்றை வைத்து. எது முதலில் வந்தது என்ற நேரம், எது எதோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்ற வரைபடம், முன்பு இப்படி வந்தபோது கடைசியில் என்ன காரணமாக இருந்தது என்ற பழைய பதிவு. மூன்றில் ஒன்று கோணலாக இருந்தாலும் ஏஐ அழகாக, நம்பிக்கையோடு, தப்பான இடத்தைக் காட்டும். எங்களிடம் ஏழாம் வரிசையிலிருந்து ஒன்பதாம் வரிசைக்கு மாற்றிய ஒரு ரேக்கை யாரும் வரைபடத்தில் மாற்றவில்லை. இரண்டு மாதம் ஏழாம் வரிசை பிரேக்கர்தான் எல்லாப் பழியையும் சுமந்தது.

குளிரூட்டலில் நிறைய மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் ஒரு கணக்கு. டேட்டா சென்டருக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, சர்வர் முதலான கருவிகள் மட்டும் சாப்பிடும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யு.இ. என்ற எண். அது 1.6 என்றால், சர்வருக்கு 100 யூனிட் போனால் குளிரூட்டல், யுபிஎஸ் இழப்பு, விளக்கு என்று இன்னொரு 60 யூனிட் போகிறது. அந்த அறுபதில் பெரும்பங்கு குளிரூட்டலுக்கு.

2016-ல் கூகுள் நிறுவனத்தின் டீப்மைண்ட் அணி, ஏஐ சொல்கிறபடி குளிரூட்டலை நடத்தி, அதற்கான மின்சாரத்தில் 40 சதவீதம் வரை குறைத்ததாக அறிவித்தது. அப்போது ஏஐ யோசனை சொல்லும், ஆட்கள் செய்வார்கள். 2018-ல் ஏஐ தானே இயக்க ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உணரிகளையெல்லாம் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும். ஆரம்பத்தில் மிச்சம் 12 சதவீதம், ஒன்பது மாதம் ஓடிய பிறகு சுமார் 30 சதவீதம். அடுத்தாள் அனுபவப்பட்டு மேலாளான கதைதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு எல்லைகள் வரைந்து, எந்த நேரமும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்கிற உரிமையையும் ஆட்கள் வைத்திருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஏஐ வாங்கக் கிளம்பாதீர்கள். சர்வருக்கு முன்பக்கம் குளிர்காற்று, பின்பக்கம் சூடான காற்று. இரண்டும் கலக்காமல் தடுப்பு வைத்திருக்கிறீர்களா? காலி இடங்களைத் தகடு போட்டு மூடியிருக்கிறீர்களா? இதைச் செய்யாமல் ஏஐ போடுவது, கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஏசி ரிமோட்டைத் தங்கத்தில் செய்தது போல. பல இடங்களில் உள்ளே போனால் ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. தேவையே இல்லை. சர்வருக்குள் போகும் காற்று 18-லிருந்து 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. 20-ல் வைத்திருப்பதை 24-க்கு ஏற்ற ஏஐ வேண்டாம், தைரியம் போதும்.

அதற்குப் பிறகுதான் ஏஐக்கு வேலை. விசிறியின் மின்செலவு அதன் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் செலவு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆக, நான்கு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட ஐந்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவது லாபம். ஆனால் எந்த ஐந்து, எவ்வளவு மெதுவாக, சில்லர் என்ற குளிர்விப்பு இயந்திரத்தின் தண்ணீர் எத்தனை டிகிரி, வெளியே ஈரப்பதம் எவ்வளவு? ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். மனிதன் இதை ஷிஃப்டுக்கு ஒருமுறை சரிசெய்வான். இயந்திரம் நாள் முழுதும் சலிக்காமல் செய்யும்.

நம்ம செட்டிநாட்டு வீடுகள் ஏசி இல்லாமலே குளுகுளுவென்று இருக்கின்றனவே, அந்த முறை உதவாதா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். வளவில் திறந்த முற்றம், சூடான காற்று மேலே போக வழி, முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள், தடித்த சுவர், உயரமான கூரை. காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேற வேண்டும் என்று யோசித்துக் கட்டியவை அவை. டேட்டா சென்டர்க்காரர்களும் அதையேதான் யோசிக்கிறார்கள்.

ஆனால் அளவு வேறு. ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால் சுமார் 100 வாட் வெப்பம் விடுவான். ஒரு சாதாரண ரேக் 5,000-லிருந்து 10,000 வாட். ஐம்பது, நூறு பேர் ஒரு பீரோ அளவு இடத்தில் நெருக்கியடித்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முற்றம் தாங்காது.

பேட்டரி பற்றி நீங்கள் எப்போதும் நிறையப் பேசுகிறீர்களே, ஏன்?

காரைக்குடியில் பேட்டரி பற்றிப் பேசாமல் எங்கே பேசுவது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த, மேலே சொன்ன மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் சுமையை ஏற்கும் வரை, அந்த இடைவெளியில் எல்லாவற்றையும் தாங்குவது பேட்டரி. 48 வோல்ட் வரிசையில் 2 வோல்ட் செல்கள் 24. சங்கிலி மாதிரி. ஒரே ஒரு செல் கெட்டால் மொத்தச் சங்கிலியும் கைவிடும். கொடுமை என்னவென்றால், சும்மா சார்ஜில் இருக்கும்போது அந்தக் கெட்ட செல்லும் நல்ல பிள்ளையாகவே தெரியும். செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் மொத்தம் 54 வோல்ட், மீட்டரில் எல்லாம் சரி. சுமை ஏறும் அந்த நிமிடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

பழைய வழி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுமை கொடுத்துச் சோதிப்பது. ஆறு மாதம் நீண்ட காலம். இப்போது செல்லுக்கு ஒரு உணரி வைத்து உள்மின்தடையையும் வெப்பத்தையும் தினமும் அளக்கிறோம். உள்மின்தடை மெல்ல ஏறுவதும், பக்கத்துச் செல்களைவிட அரை டிகிரி சூடாக இருப்பதும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்து மூன்று வாரம் தொடர்ந்தால் ஏஐ கைதூக்கும். நான் பார்த்தவரை, டேட்டா சென்டர் ஏஐயில் போட்ட காசுக்கு உடனே பலன் தரும் இடம் இதுதான். குளிரூட்டல் மாதிரி மேடையில் கைதட்டு வாங்காது, அவ்வளவுதான்.

ஈய அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். பேட்டரி அறை ஏசியில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம்.

லித்தியம் வந்த பிறகு பயம் வேறு மாதிரி. தென்கொரியாவில் 2022 அக்டோபர் 15 அன்று பாங்யோ டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்து, அந்த நாட்டு மக்கள் தினமும் பயன்படுத்தும் ககாவோடாக் செயலி முடங்கியது. அதே நாட்டில் 2025 செப்டம்பர் 26 அன்று, தேஜான் நகரிலுள்ள அரசு டேட்டா சென்டரில் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீ. 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. எண்களைப் பார்த்து எச்சரிப்பதுதான் ஏஐயால் முடியும். பேட்டரியையும் சர்வரையும் ஒரே அறையில் வைக்காமல் இருப்பது கட்டுகிறவர்கள் கையில்.

ஜெனரேட்டருக்கும் ஏஐ உண்டா?

உண்டு, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்குப் பழக்கமான காரணம், அதை உசுப்பும் சின்ன பேட்டரி. மாதாமாதம் ஓட்டிப் பாருங்கள். டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூட்ட நேரத்தில் போன் கிடைக்காமல் போகிறதே, அதை முன்கூட்டியே கணிக்க முடியாதா?

முடியும், ஏஐக்குப் பஞ்சாங்கம் தெரிந்தால். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு பாதயாத்திரை போவது உங்களுக்குத் தெரியும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஒரு கூட்டம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும். இன்று நிரம்பி வழியும் டவர் நாளை மறுநாள் காலி, அடுத்த ஊர் டவர் திணறும். அத்தனை போன்களும் டவர் மாறும்போதெல்லாம் டேட்டா சென்டரில் இருக்கும் மென்பொருளுக்கு வேலை கூடும்.

போன வருட எண்களைக் கொடுத்து, இந்த வருடம் என்ன வரும் என்று கேட்டால் ஏஐ தேதியைப் பார்க்கும். 2024-ல் தைப்பூசம் ஜனவரி 25. 2025-ல் பிப்ரவரி 11. போன வருடம் ஜனவரி கடைசியில் கூட்டம், ஆகவே இந்த வருடமும் ஜனவரி கடைசியில் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கும் இதே கதை. பங்குனி உத்திரம், தீபாவளி எல்லாமே நகர்கிறவை. "பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள்" என்று ஒரு நெடுவரிசையைத் தரவில் சேர்த்தால் போதும், கணிப்பு ஒழுங்காகிவிடும். வெளிநாட்டில் பழக்கிய ஏஐ மாடலை அப்படியே இறக்கினால் இது நடக்காது. சித்திரை எப்போது, ஆடி எப்போது என்று அறிந்த ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கணித்து என்ன செய்வோம்? கூட்டம் வருவதற்கு முன்பே மென்பொருளின் கூடுதல் பிரதிகளை எழுப்பி வைப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் இல்லாதபோது சிலவற்றைத் தூங்கவைப்போம். பின்னது மின்சாரத்தில் நல்ல மிச்சம். ஆனால் விடியற்காலை எழுப்ப மறந்தால் அன்று முழுவதும் வசவு.

எங்க ஊரில் புயல், கரண்ட் கட் என்றால் டவர் செத்துவிடுகிறது. அப்போது உங்கள் ஏஐ எங்கே போனது?

நியாயமான கோபம். 2018 நவம்பர் 16-ல் கஜா கரையைக் கடந்தபோது சென்னை டேட்டா சென்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் மின்கம்பங்கள் விழுந்து, டவர்களின் பேட்டரி தீர்ந்து, ஊரே இருட்டு. தலை நன்றாக இருந்து கைகால் விழுந்த நிலை. விழுந்த கம்பத்தை ஏஐ நிமிர்த்தாது.

உதவக்கூடியது ஒன்று உண்டு. எந்த டவரில் பேட்டரி இன்னும் எத்தனை மணி நேரம் வரும், எது அணைந்தால் எத்தனை ஊர் துண்டாகும், எது ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிறது என்று கணக்கிட்டு, கையில் இருக்கும் டீசல் வண்டியை முதலில் எங்கே அனுப்புவது என்று வரிசைப்படுத்தித் தரும். வண்டி போகச் சாலையில் மரம் விழுந்திருக்கக் கூடாது, அது தனி.

ஏஐ தப்பு செய்தால் என்ன ஆகும்?

ஏஐ இல்லாமலேயே என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு மேல் உலகம் முழுக்கக் காணாமல் போயின. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு இணைப்புகளையெல்லாம் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க ஒரு மென்பொருள் இருந்தது, அதிலேயே பிழை.

அதைவிட எனக்குப் பாடமாகத் தோன்றுவது கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம், 2022 ஜூலை 8. ஏழு கட்டமாக ஒரு மேம்பாடு செய்துகொண்டிருந்தார்கள். முதலில் "அதிக ஆபத்து" என்று குறித்திருந்தார்கள். ஐந்து கட்டம் நல்லபடி முடிந்ததால், ஆபத்தைக் கணக்கிடும் அல்காரிதம் ஆறாவது கட்டத்தை "குறைந்த ஆபத்து" என்று இறக்கிவிட்டது. அந்த ஆறாவது கட்டத்தில்தான் ஒரு வடிகட்டியை நீக்க, ரூட்டர்களில் வழித்தகவல் வெள்ளமாகப் புகுந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை போனது. ஐந்து முறை கடனைத் திருப்பித் தந்தவன் ஆறாவது முறையும் தருவான் என்று ஈடு கேட்காமல் கொடுத்த கதை. எங்கள் ஐயா அப்படிக் கொடுத்திருக்க மாட்டார்.

ஆகவே சாவியைக் கொடுக்கும்போது நாங்கள் வைக்கும் வேலிகள்: தண்ணீர் வெப்பநிலை இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில்தான் நகரலாம், ஏஐ என்ன சொன்னாலும் சரி. ஒரு நேரத்தில் ஒரு வரிசையில் மட்டும் மாற்றம். பழைய நிலைக்குத் திரும்ப ஒரே பொத்தான். வலையமைப்பு விதிகளை மாற்றும் கட்டளையை ஏஐ எழுதலாம், ஆனால் ஒரு மனிதன் படித்துவிட்டுத்தான் அனுப்புவான். பேசுகிற ஏஐக்கு, இல்லாத கட்டளையை இருப்பது மாதிரி எழுதுகிற வழக்கம் உண்டு. அதைப் பழைய கையேடுகளைத் தேடவும், ஷிஃப்ட் மாறும்போது நடந்ததைச் சுருக்கி எழுதவும் வைத்துக்கொள்கிறோம், அதில் கெட்டிக்காரன்.

ஏஐ போட முதலில் என்ன வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

முதலில் வேண்டியவற்றுக்குக் காசே ஆகாது. கடிகாரங்களைச் சரிசெய்யுங்கள். எங்கள் இடத்தில் குளிரூட்டல் பதிவுகள் இந்திய நேரத்திலும் சர்வர் பதிவுகள் சர்வதேச நேரத்திலும் இருந்தன. ஐந்தரை மணி நேர வித்தியாசம். இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஏஐக்கு ஊட்டினோம். மதியம் சர்வர் சூடான பதிவுக்குக் காலை நேரம். அதற்குக் காரணமான சில்லர் நின்ற பதிவுக்கு மதிய நேரம். பிள்ளை பிறந்து ஐந்தரை மணி கழித்துக் கல்யாணம் நடந்த மாதிரி. ஏஐ அதையும் ஒரு விதியாகக் கற்றுக்கொண்டது. எங்களுக்கு விளங்க ஆறு வாரம்.

அடுத்து, ஒவ்வொரு கோளாறுக்கும் திறக்கும் பதிவான டிக்கெட்டை மூடும்போது எழுதும் குறிப்பு. "சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதி மூடிய ஆயிரம் டிக்கெட்டுகள் ஏஐக்கு எதையும் கற்றுத்தராது. எது கெட்டது, எப்படித் தெரிந்தது, என்ன செய்ததும் சரியானது என்று மூன்று வரி எழுதியிருந்தால் அதுதான் பொன். கடையில் அன்றாடக் குறிப்பு ஒழுங்காக இருந்தால்தான் பேரேடு சரியாகும், பேரேடு சரியானால்தான் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) நேராகும் என்பார் ஐயா.

இயந்திரச் செலவைப் பொறுத்தவரை, இப்படி எண் பார்க்கும் மாடல்களுக்குச் சாதாரண சர்வர் போதும். ஒரு ரேக்கே 1,20,000 வாட் சாப்பிடுகிற, தண்ணீரில் குளிர்விக்கிற ராட்சதர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்.

நாங்கள் பேசுவதை ஏஐ ஒட்டுக்கேட்குமா?

நான் மேலே சொன்ன வேலைகளுக்கு உங்கள் பேச்சு தேவையே இல்லை. பிரேக்கரும் விசிறியும் பேட்டரியும்தான் தேவை. யார் யாரை எப்போது அழைத்தார் என்ற பதிவு தனியாக இருக்கிறது. அது பில் போடவும் சட்டத்துக்காகவும். அதைக் குளிரூட்டல் மாடலுக்குப் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. 2023-ன் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் திசையில்தான் பேசுகிறது. கணினிப் பாதுகாப்புக் கோளாறு நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பிடம் சொல்லவேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. கடிகாரங்களைச் சரியாக வைக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். சட்டம் சொல்லியும் நாங்கள் கோட்டைவிட்டதை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

எங்களுக்கு வேலை கிடைக்குமா, போய்விடுமா?

திரையைப் பார்த்துக்கொண்டு அலாரம் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் வேலை குறையும். ஏற்கெனவே குறைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவருக்கும், மின்சார ஒற்றைக்கோட்டு வரைபடத்தைப் பார்த்து எந்த பிரேக்கர் எதை ஊட்டுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கும் ஒன்றும் ஆகாது. லினக்ஸ், வலையமைப்பின் அடிப்படை, பைத்தான், எஸ்க்யூஎல். இதோடு எலக்ட்ரிக்கல் கொஞ்சம் தெரிந்தால் உங்களை மாதிரி ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் படித்தவன், மாறுமின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையரைப் பார்த்துப் பயப்படுகிறான். எலக்ட்ரிக்கல் படித்தவன் பைத்தானைப் பார்த்துப் பயப்படுகிறான். இரண்டுக்கும் பயப்படாதவன் கையில் விலை சொல்லும் உரிமை இருக்கிறது.

கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் டேட்டா சென்டர் வைக்கலாமா?

பந்தியில் ஒரு அம்மான் நிஜமாகவே கேட்டார். நிரம்பிய ரேக் ஒன்று ஆயிரம் கிலோ வரும், தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல் பிளக்கும், முற்றத்தில் மழை கொட்டும், இரண்டு தனித்தனி மின்வழி வேண்டும், பங்காளிகள் பதினெட்டுப் பேர் கையெழுத்தும் வேண்டும் என்றேன். கடைசி ஒன்றைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

பழகிப் பார்க்க எங்களுக்கு டேட்டா எங்கே கிடைக்கும்?

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில். பேட்டரி முனைகளில் ஒரு சின்ன மின்னழுத்த உணரி, பக்கத்தில் ஒரு வெப்ப உணரி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர். நிமிடத்துக்கு ஒரு வரி பதியுங்கள். கரண்ட் போன நேரம், வந்த நேரம், அப்போது எத்தனை விசிறி ஓடியது, எப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினீர்கள் என்று கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, கரண்ட் போனால் இந்த பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணிக்கும் ஒரு சின்ன மாடல் எழுதிக் கொண்டுவாருங்கள். வகுப்பு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.